தோத்தப்போ கைல என்ன இருந்துச்சு?

என் மேசைல ஒரு நோட்டு இருக்கு, ஸ்கூல் பசங்க வாங்குற அதே கோடு போட்ட நோட்டு. ஒரு வருஷத்துக்கு மேல நான் அதுல எழுதிட்டு வர்றது ஒரே ஒரு விஷயம்தான். மேஜிக்ங்கற கார்டு கேம் ஆடித் தோத்தேன்னா, தோத்த அந்த நொடில என் கைல என்னென்ன கார்டு மிச்சம் இருந்துச்சு. ஜெயிச்ச கேமுக்கு ஒரு கோடு மட்டும் போட்டு விட்டுடுவேன். தோத்ததுக்கு ஒரு வரி. அந்த நோட்டாலதான் என் டெக் இன்னிக்கு இருக்கிற நிலைக்கு வந்துச்சு, அதைப் பத்தி ஒரு தடவையாவது முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன்.

கேம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குப் போயிடுங்க. மேஜிக் த கேதரிங் 1993-ல ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கின கார்டு கேம். ஆளுக்கு 60 கார்டு இருக்கிற ஒரு கட்டு, அதுதான் டெக், அப்புறம் 20 உயிர். பேசிக் லேண்டைத் தவிர எந்தக் கார்டும் 4-க்கு மேல வைக்கக் கூடாது. வெளில 15 கார்டு சைடுபோர்டுன்னு இருக்கும், முதல் கேம் முடிஞ்சதும் எதிர்ல இருக்கிறவங்க டெக்குக்கு ஏத்த மாதிரி உள்ள வெளில மாத்திக்கலாம். டர்னுக்கு ஒரு லேண்டு இறக்கலாம், அது தர்ற மேனாங்கற சக்தியை வச்சுத்தான் மத்த கார்டெல்லாம், அதாவது ஸ்பெல்லெல்லாம், ஆட முடியும். நான் ஆடறது பாப்பர், அதாவது காமன் கார்டு, பாக்கெட்ல சாதாரணமாக் கெடைக்கிற கார்டு, மட்டுமே அனுமதிக்கிற ஃபார்மட். ஆன்லைன்ல பல வருஷமா ஓடிட்டிருந்ததை 2019 ஜூன்லதான் பேப்பருக்கும் சேர்த்து ஒரே சட்டமா அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. காசு கம்மியா ஆகும்ங்கறதுக்காக உள்ள வந்தவன் நான், இப்ப காசு இருந்தாலும் வேற ஃபார்மட் பக்கம் போக மனசு வரல.

என் டெக் பர்ன். சிவப்பு. எதிராளியோட உயிரை நேரா எரிச்சு 20-லேருந்து பூஜ்யத்துக்குக் கொண்டு வர்றது, அவ்ளோதான் வேலை. வெளிலேருந்து பாக்கறவங்களுக்கு இது யோசிக்கவே தேவையில்லாத டெக் மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியல, காரணம் இதுக்குள்ள இருக்கிற கணக்கு.

லைட்னிங் போல்ட் ஒரு மேனா, 3 அடி, அதாவது எதிராளி உயிர்ல 3 குறையும். செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்க்யூவர் த கிரிட்டிக்ஸ், எல்லாமே சரியான நேரத்துல ஆடினா ஒரு மேனாக்கு 3 அடி. ஏழு கார்டு மூணு மூணா அடிச்சா 21, எதிர்ல 20. முதல்ல ஆடறவன் கைல 7 கார்டு, முதல் டர்ன் டிரா கிடையாது, நாலாவது டர்ன் வரைக்கும் 3 டிரா, ஆக மொத்தம் 10 கார்டு பாப்பான். அதுல மூணு லேண்டு, மீதி ஏழும் அடி. நாலாவது டர்ன்ல ஆட்டம் முடிஞ்சது. மேனாவும் போதும், 1, 2, 3, 3, மொத்தம் 9. இந்தக் கணக்கை முதல் தடவை தாள்ல போட்டுப் பாத்தப்போ எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுச்சு, ஏன்னா இதுல ஒரு கார்டுக்குக் கூட சும்மா உக்கார இடம் கிடையாது. நாலு லேண்டு வந்தா 18 அடிதான் ஆகுது. ஆடாம கைல ஒரு கார்டு நின்னுட்டா 18-தான். பர்ன்ல கைல மிச்சம் இருக்கிற ஒரு கார்டுங்கறது எதிராளிக்கு நாம தூக்கிக் குடுத்த 3 உயிர். நோட்டு எதுக்குன்னு இப்பவே புரிஞ்சிருக்கும். ஆனா எனக்கு அது புரிய ரொம்ப நாள் ஆச்சு.

டெக்ல 45 கார்டு பத்தி எனக்கு என்னைக்குமே கேள்வி இருந்ததில்ல. மேல சொன்ன அஞ்சும் நாலு நாலு, ஃபயர்பிளாஸ்ட் நாலு, தெர்மோ ஆல்கெமிஸ்ட் நாலு, சிவப்பு மேனா தர்ற பேசிக் லேண்டான மௌன்டன் 17. மிச்சம் 15 கார்டுலதான் எல்லாச் சண்டையும்.

முன்னாடி அந்த 15-ல சண்டை கம்மி, காரணம் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர். 2022-ல டபுள் மாஸ்டர்ஸ் செட்ல அதைக் காமனா அச்சடிச்சாங்க, ஒரே நாள்ல பாப்பர்ல இருந்த சிவப்பு டெக் எல்லாத்துக்கும் றெக்கை முளைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒரு மேனா, வந்த உடனே அடிக்கும், நாம ஸ்பெல் போடப் போட பெருசாகும். ரொம்பப் பலமா இருக்குன்னு 2023 மே மாசம் தடை பண்ணிட்டாங்க. தடை சரிதான், அதுல எனக்கு வருத்தமில்ல. எதிர்ல உக்காந்து அதுகிட்ட அடி வாங்கினவன் நானும்தான். ஆனா என் டெக்ல திடீர்னு நாலு ஓட்டை.

அந்த நாலு ஓட்டையை அடைக்க நான் செஞ்சது இருக்கே, அதுதான் எல்லாருமே செய்யறதுன்னு இப்ப நெனக்கறேன். கெல்டன் மராடர்ஸ் ரெண்டு, கர்ஸ் ஆஃப் த பியர்ஸ்டு ஹார்ட் ஒண்ணு, கெசிக் ஃப்ளேம்பிரீதர் ஒண்ணு. எது நல்லதுன்னு முடிவு பண்ண முடியல, அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். சாம்பார்ல மிச்சம் மீதி காயெல்லாம் போடற மாதிரி. வீட்டுச் சாம்பாருக்கு அது சரி, 21-க்குக் கணக்கு வச்சு ஆடற டெக்குக்குச் சரிப்படாது.

அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு என் கண்ணுல படவே இல்ல. ஸ்விஃப்ட்ஸ்பியர் போனதால நாலு கார்டுதான் போச்சுன்னு நெனச்சேன், ஆனா அது போனப்போ வேற கார்டுங்களும் பலவீனமாயிடுச்சு. ஸ்க்யூவர் த கிரிட்டிக்ஸோட நெஜ விலை மூணு மேனா. அந்த டர்ன்ல எதிராளி ஏற்கனவே உயிர் இழந்திருந்தா மட்டும்தான் ஒரு மேனா. ஸ்விஃப்ட்ஸ்பியர் இருந்தப்போ ரெண்டாவது டர்ன்லேருந்து அது போய் ஒரு தட்டு தட்டிட்டு வரும், ஸ்க்யூவர் எப்பவும் மலிவாவே கெடைக்கும். இப்ப ஸ்க்யூவருக்கு முன்னாடி இன்னொரு ஸ்பெல்லைச் செலவு பண்ணியாகணும். கைல அது ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்து லேண்டும் ரெண்டுதான்னா, பாத்துக்கிட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான். கார்டோட ஒரு எழுத்து கூட மாறல, ஆனா என் டெக்குக்குள்ள அதோட விலை மாறிப்போச்சு. ஒரு கார்டை எடுத்தா அது யாருக்கெல்லாம் உதவி பண்ணிட்டிருந்துச்சுன்னு தேடிப் பாக்கணும். நான் அப்போ பாக்கல.

அப்படியே நாலஞ்சு மாசம் போச்சு. மேஜிக் ஆன்லைன்ல லீக் ஆடுவேன், அஞ்சு மேட்ச், நடுவுல டெக்கை மாத்த முடியாது. ரெண்டு ஜெயிப்பேன் மூணு தோப்பேன், அடுத்த தடவை மூணு ஜெயிப்பேன். ஒவ்வொரு லீக் முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டு கார்டை மாத்துவேன். போன லீக்ல எது கடுப்பேத்துச்சோ அதை எடுத்துட்டு, வேற யாராவது ஜெயிச்ச லிஸ்ட்ல பாத்த ஒண்ணை வைப்பேன். அந்த ஜெயிச்ச லிஸ்ட் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். 5-0 போன டெக்குகளை, கேமை நடத்தற கம்பெனியான விசார்ட்ஸே வெளியிடுவாங்க, நம்ம ஆளுங்க அதை வேதம் மாதிரி எடுத்துக்குவோம். மேட்ச்சுக்கு 55 சதவீதம் ஜெயிக்கிற ஒரு நல்ல ஆட்டக்காரர் அஞ்சையும் ஜெயிக்கிற வாய்ப்பு 5 சதவீதம், அதாவது இருபது லீக்ல ஒண்ணு. சரி பாதி ஜெயிக்கிற ஆளுக்கே 3 சதவீதம் இருக்கு. அப்போ அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒரு விசித்திரமான ஒத்தைக் கார்டு அவரை ஜெயிக்க வச்சுச்சா, அது இருந்தும் ஜெயிச்சாரான்னு அந்த லிஸ்டைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியாம எத்தனையோ கார்டைக் காப்பி அடிச்சு வச்சிருக்கேன்.

மாத்தினது என் தங்கச்சி. அவளும் ஆடுவா, நீல டெக், டோலேரியன் டெரர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் நாங்க ரெண்டு பேரும் ஹால்ல தரைல உக்காந்து ஆடறது வழக்கம், அம்மா பக்கத்துலயே தூங்கிட்டிருப்பாங்க, அதனால ஷஃபிள் பண்றதைக் கூட மெதுவாத்தான் பண்ணுவோம். ஒரு நாள் அந்த ஒத்தைக் கர்ஸ் ஆஃப் த பியர்ஸ்டு ஹார்ட்டை எடுக்கலாமா வேணாமான்னு அவகிட்ட புலம்பிட்டிருந்தேன். ரெண்டு மேனா, எதிராளியோட ஒவ்வொரு அப்கீப்லயும், அதாவது டர்ன் ஆரம்பத்துலயும், ஒரு அடி. அதை வச்சு ஒரு கேம் ஜெயிச்சிருக்கேன், ஏழு டர்ன் அது ஒண்ணு ஒண்ணா அடிச்சு முடிச்சுச்சு, அந்தக் கேமை என்னால மறக்கவே முடியாது.

அவ நிமிர்ந்து கூட பாக்கல, கார்டை அடுக்கிட்டே கேட்டா. "ண்ணா, அந்தக் கேம்ல அதுக்குப் பதிலா ரெண்டு போல்ட் வந்திருந்தா ஜெயிச்சிருக்க மாட்டியா?"

ஜெயிச்சிருப்பேன். ரெண்டு டர்ன் முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

"அப்போ ஜெயிச்சதைப் பத்தி ஏன் யோசிக்கற? தோத்தப்போ அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியல. தோத்த கேம் எதுவும் எனக்கு ஞாபகமே இல்ல. ஜெயிச்ச கேமோட கடைசி டர்ன் வரைக்கும் சொல்லுவேன், தோத்தது எல்லாம் 'லேண்டு வரல', 'அவனுக்கு எல்லாம் வந்துச்சு'ன்னு ஒரே மூட்டையா மனசுல கெடக்கு. ஒத்தைக் கார்டை வேற எத்தனை தடவைதான் பாக்கப் போறேன்? 60-ல ஒண்ணு, பத்து கார்டு பாக்கற கேம்ல அது வர்ற வாய்ப்பு ஆறுல ஒண்ணு. அம்பது கேமுக்கு எட்டு தடவை. அந்த எட்டுல ஒண்ணு மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, மத்த ஏழு எங்கயோ போச்சு. அன்னிக்குச் சாயந்திரம் தெருமுனைக் கடைல போய் நோட்டு வாங்கினேன்.

முதல் மாசம் வெறும் கார்டு பேர் மட்டும் எழுதினேன். பாத்தா லிஸ்ட்ல முதல் இடத்துல ஃபயர்பிளாஸ்ட். டெக்லயே ரொம்பப் பலமான கார்டு அதுதான், அதுபோய் எப்பவும் கைல மிச்சம் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? யோசிச்சப்போதான் புரிஞ்சுது, அதை நாம கடைசி அடிக்காகத்தான் வச்சிருப்போம், அதனால தோக்கும்போது கைல இருக்கிறது இயல்பு. வெறும் பேர் மட்டும் எழுதினா கணக்கு தப்பாப் போகும். அதுக்கப்புறம் ஒவ்வொரு கார்டு பக்கத்துலயும் ஒரு எழுத்து எழுத ஆரம்பிச்சேன். மேனா இல்லாம நின்னா 'மே'. அடிக்க ஆள் இல்லாம நின்னா 'ஆ'. இன்னும் ஒரு டர்ன் கெடைச்சிருந்தா போட்டிருப்பேன்னா 'நே', நேரம். இந்த மூணு எழுத்து வந்ததும் நோட்டு பேச ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல 'மே'. அதுதான் அதிகம், பக்கத்துக்குப் பக்கம். ஸ்க்யூவர் மே, ஆல்கெமிஸ்ட் மே, ஸ்க்யூவர் மே. லேண்டு அதிகமா வந்து தோத்த கேம்தான் என் மனசுல நெறஞ்சு இருந்துச்சு, நெஜத்துல அதை விட ரொம்ப அதிகமா லேண்டு பத்தாமத் தோத்திருக்கேன். அதிகமா வந்தா வரிசையா மௌன்டனா எடுத்து எடுத்துப் பல்லைக் கடிப்போம், அது வலிக்கும், ஞாபகம் நிக்கும். பத்தாமப் போறது சத்தமில்லாத சாவு, மூணாவது டர்ன்லயே முடிஞ்சிருக்கும்.

கணக்கு போட்டேன். ஏழு கார்டு ஓபனிங் ஹேண்டுல லேண்டே இல்லாம இல்லன்னா ஒண்ணே ஒண்ணோட வர்ற வாய்ப்பு, 16 லேண்டுக்கு 39 சதவீதம், 17-க்கு 35, 18-க்கு 31. ஒவ்வொரு மௌன்டனும் நாலு சதவீதம். ஒரு லேண்டு கையை வச்சுக்கலாமான்னு வேற கேள்வி வரும். 17 லேண்டு டெக்ல ரெண்டாவதா ஆடும்போது ரெண்டாவது டர்ன்குள்ள இன்னொரு லேண்டு வர 52 சதவீதம், முதல்ல ஆடினா வெறும் 30. நான் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வச்சுக்கிட்டு ஆடிட்டிருந்தேன்! மல்லிகன்னா முதல் கை பிடிக்கலன்னு திருப்பிப் போட்டு வேற கை எடுக்கறது. 2019-ல அந்தச் சட்டத்தை மாத்தினதுலேருந்து எத்தனை தடவை மல்லிகன் பண்ணினாலும் ஏழு எடுத்துட்டுத்தான், தடவைக்கு ஒண்ணுன்னு டெக்குக்குக் கீழ வைக்கணும், மத்த டெக்குக்கெல்லாம் அது வரம். பர்னுக்கு அந்த வரம் பாதிதான், கீழ வைக்கிற ஒவ்வொரு கார்டும் 3 உயிராச்சே. அதனால எங்களுக்கு மல்லிகன் பண்ணாம இருக்கிற கை வேணும், அதுக்கு லேண்டு வேணும். 18-க்குப் போனேன்.

அதுக்கு முன்னாடி ஒரு குறுக்கு வழி பாத்தேன், அதையும் சொல்றேன். ரெண்டு மௌன்டனை எடுத்துட்டு ஃபர்காட்டன் கேவ் வச்சேன். அது லேண்டு, ஆனா தேவையில்லன்னா ஒரு மேனா குடுத்து வீசிட்டு வேற கார்டு எடுத்துக்கலாம். பத்தாததுக்கும் அதிகமானதுக்கும் ஒரே மருந்துன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டு வாரத்துல நோட்டுல ஃபயர்பிளாஸ்ட் பக்கத்துல வரிசையா 'மே'. ஃபயர்பிளாஸ்டை யாரும் ஆறு மேனா குடுத்துப் போடறதில்ல, ரெண்டு மௌன்டனைப் பலி குடுத்துத்தான் போடுவோம். கேவ் சிவப்பு மேனா தரும், ஆனா அது மௌன்டன் கிடையாது. மூணு லேண்டு இறங்கியிருக்கு, அதுல ரெண்டு கேவ்னா ஃபயர்பிளாஸ்ட் கைலயே செத்துக் கெடக்கும். போதாக்குறைக்கு அது டேப் ஆகித்தான், அதாவது அந்த டர்ன் மேனா தராமத்தான் இறங்கும், ஒரு டர்ன்ல ஒரு மேனா போச்சு. ரெண்டையும் எடுத்துட்டேன். 18-ம் சுத்தமான மௌன்டன்.

ஃபயர்பிளாஸ்ட் பத்தி இன்னொண்ணும் தெரிஞ்சுது. ரெண்டு ஃபயர்பிளாஸ்ட் ஒண்ணா கைல இருந்தா நாலு மௌன்டன் வேணும், நான் மூணுல ஆட்டத்தை முடிக்கப் பாக்கறவன். நாலு வச்சா பத்து கார்டுக்குள்ள ரெண்டு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட எட்டு கேமுக்கு ஒண்ணு, மூணு வச்சா பதினாலு பதினஞ்சு கேமுக்கு ஒண்ணு. நாலை மூணாக்கினேன். இதைச் செய்ய எனக்கு மூணு வாரம் கை வரல. பாப்பர் பர்ன்ல ஃபயர்பிளாஸ்ட் நாலு இல்லாம லிஸ்டாடான்னு ஆன்லைன் நண்பர் ஒருத்தர் கோவமாவே கேட்டார். அவர் சொல்றதும் தப்பில்ல, நம்ம ஸ்பெல்லை ரத்து பண்ற கவுண்டர்ஸ்பெல் எதிர்ல மேனாவே செலவில்லாம 4 அடிங்கறது பெரிய பலம். என் நோட்டு என் ஆட்டத்தைப் பத்தி மட்டும்தான் சொல்லும்.

அடுத்து 'ஆ'. இதுல முழுக்க முழுக்க சியரிங் பிளேஸ்தான். ஆளுக்கும், மேசைல நின்னு அவருக்காகச் சண்டை போடற கார்டான கிரீச்சருக்கும் ஒண்ணு ஒண்ணு அடி, நாம அந்த டர்ன் லேண்டு இறக்கியிருந்தா மூணு மூணு. ஆனா எதிர்ல கிரீச்சர் ஒண்ணு நின்னாத்தான் போடவே முடியும். கிரீச்சரா இறக்கற எல்ஃப்ஸ் டெக் எதிர்ல சாமி வரம் குடுத்த மாதிரி இருக்கும், தங்கச்சியோட டெரர் எதிர்ல, அந்த 5/5 பாம்பு வர்ற வரைக்கும் மேசைல ஒண்ணுமே இருக்காது, வந்தப்புறம் 3 அடி அதுக்கு உறைக்கவும் உறைக்காது. நாலை மூணாக்கினேன். சைடுபோர்டுக்கு மொத்தமாத் தள்ளிடலாமான்னும் பாத்தேன், ஆனா லேண்டு 18 ஆனதால நாலாவது லேண்டை இறக்கிட்டு அதைப் போடறது முன்னை விட அடிக்கடி நடந்துச்சு. லேண்டை மாத்தினது வேற ஒரு கார்டோட மதிப்பைத் தூக்கிருச்சு, ஸ்விஃப்ட்ஸ்பியர் கதை மாதிரியே, ஆனா இந்தத் தடவை நல்லதுக்கு.

கெல்டன் மராடர்ஸ் நோட்டுல வரவே இல்ல. கைல மிச்சம் நிக்கற கார்டு இல்ல அது, ரெண்டு மேனா வந்த உடனே போட்டுடுவோம். அப்போ அது நல்ல கார்டான்னா, இங்கதான் நோட்டோட ஓட்டை எனக்குத் தெரிஞ்சுது, போட்டும் வேலை செய்யாத கார்டை அது பிடிக்காது. மராடர்ஸ் வரும்போது ஒண்ணு, போகும்போது ஒண்ணு, நடுவுல ஒரே ஒரு தடவை 3-க்கு அடிக்கப் போகும். யாரும் தடுக்கலன்னா ரெண்டு மேனாக்கு 5 அடி, அருமை. ஒரு பூனைக்குட்டி டோக்கன் குறுக்க நின்னா கூட 2 அடிதான். ரெண்டு மேனாக்கு 2 அடி குடுக்கற கார்டை 21 கணக்கு போடற டெக்ல வைக்க முடியாது. இதுக்காக நோட்டோட வலது ஓரத்துல 'போட்டது, எவ்ளோ அடிச்சுச்சு'ன்னு இன்னொரு வரிசை ஆரம்பிச்சேன், ரெண்டு மேனா கிரீச்சருக்கு மட்டும்.

அந்த வரிசைதான் ஃப்ளேம்பிரீதரைக் காப்பாத்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன், பெருசா மதிச்சதும் இல்ல. கிரீச்சர் இல்லாத எந்த ஸ்பெல் போட்டாலும் எதிராளிக்கு ஒரு அடி. அது தாக்கவே வேண்டாம், பின்னாடி உக்காந்திருந்தாப் போதும். 3 அடி ஸ்பெல்லெல்லாம் 4 அடி ஆகுது, அஞ்சு ஸ்பெல்லுல 20. அதோட முதல் ஸ்பெல் எதுவா இருந்தாலும் எதிராளி உயிர் இழக்கறதால அடுத்த ஸ்க்யூவர் மலிவாயிடும். ஸ்விஃப்ட்ஸ்பியர் செஞ்சிட்டிருந்த அந்த இன்னொரு வேலையை எது செய்யும்னு நான் தேடவே இல்லையே, அது என் டெக்குக்குள்ளயே ஒத்தையா உக்காந்திருந்துச்சு. கர்ஸும் மராடர்ஸும் வெளில, ஃப்ளேம்பிரீதர் நாலு.

ஆல்கெமிஸ்ட் நாலு, ஃப்ளேம்பிரீதர் நாலுன்னு ஆனதும் நீடில் டிராப்பும் மூணுலேருந்து நாலாச்சு. அந்த டர்ன்ல அடிபட்ட ஒருத்தருக்கு இன்னொரு அடி, நமக்கு ஒரு கார்டு. தனியாப் பாத்தா ஒரு மேனாக்கு 1 அடிங்கறது கேவலம். ஆல்கெமிஸ்டைத் தட்டி, அதாவது பக்கவாட்டுல சாய்ச்சு, ஒண்ணு அடி, நீடில் டிராப் ஒண்ணு, ஸ்பெல் போட்டதால ஆல்கெமிஸ்ட் மறுபடி நிமிரும், தட்டினா இன்னொண்ணு. போட்ட கார்டுக்குப் பதிலா புதுக் கார்டு கைல. அந்தக் கார்டு மௌன்டனா வந்தாலும் சியரிங் பிளேஸுக்கு ஆகும். 18 லேண்டால வரக்கூடிய உபத்திரவத்தை இதுதான் சமாளிக்குது.

கடைசில வந்து நின்னது இது. மௌன்டன் 18, ஒரு மேனா 3 அடி ஸ்பெல் 20, ஃபயர்பிளாஸ்ட் 3, ஆல்கெமிஸ்ட் 4, ஃப்ளேம்பிரீதர் 4, ஆரம்பத்துலேருந்தே இருக்கிற ஒரு மேனா கிரீச்சர் கீட்டு லாவாரன்னர் 4, சியரிங் பிளேஸ் 3, நீடில் டிராப் 4. அறுபது. ஒத்தைக் கார்டு ஒண்ணு கூட இல்ல.

இதால என் வெற்றி சதவீதம் ஏறிச்சான்னு கேப்பீங்க. ஏறிச்சு, ஆனா அதை ஆதாரமாக் காட்ட மாட்டேன். அம்பது மேட்ச் ஆடி 28 ஜெயிச்சா 56 சதவீதம்னு பெருமையாச் சொல்லலாம், ஆனா அவ்ளோ கம்மி மேட்ச்ல உண்மையான அளவு 42-லயும் இருக்கலாம் 70-லயும் இருக்கலாம். ஒரு மௌன்டன் கூடினதோட பலனை ஜெயிச்சது தோத்ததை எண்ணிக் கண்டுபிடிக்கணும்னா ஆயிரக்கணக்குல ஆடணும், வேலைக்குப் போற நம்மளால முடியாது. அதனாலதான் நோட்டு. முடிவை எண்ணினா ஒரு கேமுக்கு ஒரு தகவல்தான், கைல மிச்சம் இருந்ததை எண்ணினா ஒரு கேமுக்கு மூணு நாலு தகவல், அதுவும் காரணத்தோட.

இந்தச் சிக்கனமெல்லாம் புதுசு இல்ல. 1996-ல அட்லாண்டால நடந்த ஒரு தகுதிப் போட்டில பால் ஸ்லைங்கறவர் ரெண்டாவது வந்தார், ஜே ஷ்னைடர் வடிவமைச்ச சிவப்பு டெக்கை வச்சு. அதுல ஐயன்க்ளா ஆர்க்ஸ் மாதிரி யாருமே சீண்டாத கார்டெல்லாம் இருக்கும். முதல் டர்ன்ல ஒண்ணு, ரெண்டாவது டர்ன்ல ரெண்டு, எந்த மேனாவும் வீணாகக் கூடாதுங்கறதுக்காகக் கணக்கு பண்ணி எண்ணிக்கை வச்ச டெக் அது. இன்னிக்கும் அந்த மாதிரி டெக்குக்கு ஸ்லைன்னுதான் பேர். அந்த லிஸ்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும், ஒவ்வொரு கார்டாப் பாத்தா ஒண்ணுமே இல்ல, ஒண்ணாச் சேத்து வச்சா ஒரு மேனா கூட சிந்தல.

சைடுபோர்டுக்கு வர்றேன். இங்கயும் நான் பண்ணின தப்பு அதேதான், எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணு. இப்ப நான் பாக்கறது உள்ள வர்ற கார்டை இல்ல, வெளில போற கார்டை. டெரர் எதிர்ல என் டெக்ல உபயோகமில்லாத கார்டு எத்தனை? சியரிங் பிளேஸ் மூணு, லாவாரன்னர் ஒண்ணு. மொத்தம் நாலு. அப்போ நீலத்துக்கு எதிரா நாலு கார்டுக்கு மேல சைடுபோர்டுல வைக்கிறது வீண், அஞ்சாவதை உள்ள கொண்டு வர ஒரு போல்டை வெளில அனுப்பணும். அந்த நாலும் பைரோபிளாஸ்ட், ரெட் எலிமென்டல் பிளாஸ்ட் இல்ல. ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேக்கறவங்க இருக்காங்க. ரெட் எலிமென்டலுக்கு எதிர்ல நீலம் இருந்தாத்தான் குறி வைக்கவே முடியும். பைரோபிளாஸ்டை எது மேல வேணா போடலாம், நீலமா இருந்தா மட்டும் வேலை செய்யும். எதிர்ல நீலமே இல்லன்னாலும் சும்மா என் மௌன்டன் மேலயே போட்டா ஃப்ளேம்பிரீதர் ஒண்ணு அடிக்கும், ஆல்கெமிஸ்ட் நிமிரும். கடைசி ரெண்டு உயிரை அப்படி முடிச்ச கேம் இருக்கு.

மத்தது சுருக்கமா. ஆர்டிஃபாக்ட் கார்டை நம்பி ஆடற அஃபினிட்டி டெக்குக்கு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் நாலு, ஆர்டிஃபாக்டை உடைச்சு 3 அடியும் அடிக்கறதால டெக்கோட கணக்கு கெடாது. குட்டி குட்டி கிரீச்சருக்கு எலக்ட்ரிக்கரி மூணு. பிரிஸ்மாட்டிக் ஸ்ட்ரான்ட்ஸ் வச்சு சிவப்பு அடியையே மொத்தமாத் தடுக்கிற வெள்ளை டெக்குக்கு ஃப்ளேரிங் பெய்ன் ரெண்டு. கல்லறையை, அதாவது ஆடி முடிச்ச கார்டு போற குவியலை, நம்பி ஆடறவங்களுக்கு ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸ் ரெண்டு. பதினஞ்சு.

பச்சைக்கு ஒண்ணும் இல்ல, அதுவும் யோசிச்சு எடுத்த முடிவுதான். வெதர் த ஸ்டார்ம்னு ஒரு காமன், 3 உயிர் கூட்டும், அந்த டர்ன்ல அதுக்கு முன்னாடி எத்தனை ஸ்பெல் போட்டிருக்கோ அத்தனை தடவை கூடுதலா நடக்கும். நாம போட்டதும் அந்த எண்ணிக்கைல சேரும். ஒரே டர்ன்ல மூணு ஸ்பெல் போட்டா மூணாவதுக்குப் பதிலடியா இதைப் போட்டு 12 உயிர் ஏத்திக்குவாங்க. இதுக்கு எந்தக் கார்டு வைக்கலாம்னு ரொம்ப நாள் தேடினேன். கடைசில நோட்டைப் பொரட்டினா, பச்சை கிட்ட தோத்த கேம்ல பெரும்பாலும் கைல ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் ஒரே டர்ன்ல கொட்டித் தீத்திருக்கேன். டெக்ல மாத்த ஒண்ணும் இல்ல, ஆடற விதத்தைத்தான் மாத்தணும். டர்னுக்கு ஒண்ணு, அதிகபட்சம் ரெண்டு. ஆல்கெமிஸ்ட் தட்டறது ஸ்பெல் இல்ல, அதைத் தாராளமாத் தட்டலாம். நிதானமா ஆடற பர்ன் பாக்கறதுக்கு வேற டெக் மாதிரியே இருக்கும்.

போன ஞாயிறு தங்கச்சி நீல டெக்கை ஓரமா வச்சுட்டு ஒரு புது டெக்கோட உக்காந்தா. முதல் டர்ன்ல ஃபாரஸ்ட் இறக்கினதுமே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. ரெண்டாவது கேம்ல டர்னுக்கு ஒண்ணா ஆடி அவளை 4-க்குக் கொண்டு வந்தேன். கைல ஒரு ஃபயர்பிளாஸ்ட், மேசைல நாலு மௌன்டன். வேற எதுவும் போடாம அதை மட்டும் போட்டேன். அவ ரெண்டு லேண்டைத் தட்டி வெதர் த ஸ்டார்ம் போட்டா, ஒரு ஸ்பெல்தான் எண்ணிக்கைல, ஆறு ஏறி பத்து ஆச்சு, என் 4 போக 6. ரெண்டு மௌன்டனோட நான் நின்னேன், மூணு டர்ன் கழிச்சுத் தோத்தேன்.

நோட்டை எடுத்தேன். கைல மிச்சம் ரிஃப்ட் போல்ட் ஒண்ணு, 'நே'. அவ எட்டிப் பாத்து, "இன்னொரு ஃபயர்பிளாஸ்ட் இருந்திருந்தா?"ன்னா. ரெண்டு மௌன்டன் மிச்சம் இருந்துச்சு. போட்டிருக்கலாம், 2-க்கு வந்திருப்பா, கைல இருக்கிற ரிஃப்ட் போல்ட் அடுத்த டர்ன்ல முடிச்சிருக்கும். அம்மா தூக்கத்துல புரண்டு படுத்தாங்க, ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைச்சோம்.

நாலாவது ஃபயர்பிளாஸ்டா, மூணாவது சியரிங் பிளேஸா. நோட்டுல இன்னும் பதினோரு பக்கம் இருக்கு, அது தீர்ற வரைக்கும் மூணும் மூணும்தான்.